மைதானத்துக் கைங்கரியம்

தில்லி மாநகரத்தின் விளையாட்டுச் சரித்திரத்தை எழுதப் புகுகிறவர்கள் பெரும்பாலும் கல்லைப் பார்த்தே எழுதுகிறார்கள். எந்த அரங்கத்தை எந்த ஆண்டில் எந்தப் பிரமுகர் திறந்து வைத்தார் என்பதை வாயிற்சுவரில் பதித்த சலவைக்கல் சொல்லிவிடுகிறது. அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வதில் பிரயாசை ஒன்றும் இல்லை. ஆயின் மார்கழி மாதத்து விடியற்பொழுதில், பத்தடி தூரத்தில் நிற்பவர் முகம் தெரியாதபடி மூடுபனி கவிந்திருக்கையில், தெற்குத் தில்லியின் கல்லூரி மைதானம் ஒன்றின் ஓரமாகப் போய் நின்றால், கல்லில் ஏறாத வேறொரு சரித்திரம் கண்முன் நடந்துகொண்டிருப்பதைக் காணலாம். காதை மறைக்கும் கம்பளிக் குல்லாய் அணிந்த ஒருவர் வலையைக் கம்பத்தில் இழுத்துக் கட்டுகிறார். இன்னொருவர் ஆடுகளத்தின் மேல் படிந்த பனியீரத்தைச் சாக்கினால் ஒற்றி எடுக்கிறார். யமுனைக்கு அப்பாலிருந்து முதற் பேருந்தைப் பிடித்து மகனை அழைத்துவந்த தாய் ஒருத்தி, பராட்டா பொதிந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருக்கிறாள். அந்த வேளைக்கென்று இவர்களுக்குக் கூலி கொடுப்பார் எவரும் இல்லை.

நம் ஊர்க் கோயில்களில் இத்தகைய பணிக்குக் கைங்கரியம் என்று பெயர். பிராகாரத்தைப் பெருக்குவதும், பூத்தொடுப்பதும், உற்சவ காலத்தில் தீவட்டி பிடிப்பதும், பிரதிபலனை எதிர்பாராமல் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தம்மேல் ஏற்றுக்கொண்ட கடமைகள். குழந்தைகளின் விளையாட்டும் அப்படிப்பட்ட கைங்கரியத்தினாலேயே உயிர் வாழ்கிறது. அந்தக் கைங்கரியம் ஒருவர் தலைமேல் ஏறிய சுமையாக இருக்கும்வரை அதன் ஆயுள் அந்த ஒருவரின் ஆயுளே. பலர் தோளில் பங்கிட்ட சுமையாக மாறும்போதுதான் அது ஸ்தாபனமாக நிலைபெறுகிறது. இவ்வுண்மையைத் தில்லியின் சென்ற நூறாண்டுச் சரித்திரம் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது; கடல் கடந்த ஒரு சிற்றூரின் கதை அதை இன்னும் தெளிவாக்குகிறது.

தில்லியில் விளையாட்டு நெடுங்காலம் பிரபுக்களின் ஆதரவில் வளர்ந்தது. 1883ஆம் ஆண்டு முதல் கிரிக்கெட் நடந்துவரும் கோட்லா மைதானமும், 1922இல் வடதில்லியில் தோன்றிய ரோஷனாரா கிளப்பும் உயர்ந்தோர் கூடும் இடங்களாகவே இருந்தன. இந்தியக் கிரிக்கெட்டுக்கு ஒரு வாரியம் வேண்டும் என்று 1927ஆம் ஆண்டில் ரோஷனாராவில் கூடி யோசித்தவர்களுள் மகாராஜாவும் இருந்தார், வர்த்தகப் பிரமுகர்களும் இருந்தார்கள். இந்தியா கேட்டுக்குக் கிழக்கே நிற்கும் விளையாட்டரங்கம் பாவ்நகர் மகாராஜாவின் நன்கொடையால் 1933இல் எழுந்தது. வைசிராயின் பெயரால் இர்வின் ஆம்பிதியேட்டர் என்று அழைக்கப்பெற்றது. 1888இல் சிம்லாவில் ராணுவத்தாரால் தொடங்கப்பெற்ற டுராண்ட் கால்பந்துப் போட்டி 1940இல் தில்லிக்கு வந்து சேர்ந்தது. சுதந்திரம் பெற்றபின், 1951ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், 11 நாடுகள் கலந்துகொண்ட முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அதே இர்வின் அரங்கில் நடந்தேறின. அரங்கமும் தேசிய விளையாட்டரங்கம் என்ற புதுப்பெயரைப் பூண்டது.

இளம்பிள்ளைகளையும் ஆட்சியாளர் மறந்துவிடவில்லை. ஜவாஹர்லால் நேருவின் சிரத்தையால் 1956இல் பால் பவன் உருவாயிற்று. விமானப்படைத் தளபதி சுப்ரதோ முகர்ஜியின் பெயரால் 1960 முதல் பள்ளி மாணவர்களுக்கான கால்பந்துப் போட்டியை விமானப்படை நடத்தி வருகிறது. இவை யாவும் போற்றத்தக்க காரியங்கள். எனினும் இவை மேலிருந்து பெய்த மழை போன்றவை. பெய்த காலத்தில் பயிர் தழைக்கும், பெய்யாத காலத்துக்குக் கிணறு ஒன்று வேண்டும். அந்தக் கிணற்றைத் தெருவில் இருப்பவர்கள்தாம் வெட்டிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தெருக்களோ அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தன. 1941ஆம் ஆண்டுக் கணக்கில் 9 லட்சத்துச் சொச்சமாக இருந்த தில்லியின் ஜனத்தொகை, 1951இல் 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மேற்குப் பஞ்சாபிலிருந்து வீடிழந்து வந்தவர்களுக்காக லஜபத் நகரும் ராஜேந்திர நகரும் பட்டேல் நகரும் எழுந்தன. சர்க்கார் ஊழியர்களுக்காகக் குவார்ட்டர்ஸ் வரிசைகள் எழுந்தன. நடுவே ஒரு பூங்கா, சுற்றிலும் ஒரே மாதிரியான வீடுகள் என்ற அமைப்பு அந்தக் காலனிகள் பலவற்றில் உண்டு. தந்தை பத்து மணிக்குச் சைக்கிளில் ஆபீசுக்குப் போய்விடுவார். பாட்டனாரும் பெரியப்பாவும் இருந்த பூர்வீக வீடு எங்கோ தொலைவில் போயிற்று. பள்ளி விட்டு வந்த பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்கு ஓடுவான். அவனுக்கு விளையாட இடம் இருந்தது, தோழர்கள் இருந்தார்கள். அவன் விளையாட்டை நின்று கவனிக்கும் மூத்தவர் ஒருவர் மாத்திரம் இல்லை.

இவ்வாறு வேரைப் பிடுங்கி நட்ட ஊரில் ஸ்தாபனம் ஒன்றைக் கட்டுவது எப்படி என்பதற்கு நம் தமிழ் மக்களே ஒரு முன்மாதிரியைக் காட்டியிருந்தார்கள். 1911இல் தில்லி தலைநகரென்று அறிவிக்கப்பட்டபின் இந்தியச் சர்க்காரின் குமாஸ்தாக்களாகத் தெற்கிலிருந்து வந்த குடும்பங்கள், தம் பிள்ளைகளின் படிப்பைக் குறித்துப் பிறரிடம் முறையிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1923இல் அவர்கள் தொடங்கிய சிறு முயற்சியே பிற்காலத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கமும் தோன்றியது. இவற்றை நிறுத்திவைத்திருப்பவை உறுப்பினர் சந்தாவும், தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவும், ஆபீசு முடிந்தபின் கணக்கு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும் சாதாரண மனிதர்களுமே. செயலாளர் மாறுவார், பொருளாளர் மாறுவார், பள்ளிக்கூட மணி மாறாமல் அடிக்கும். படிப்புக்குக் கைகூடிய இந்த முறையை விளையாட்டுக்குக் கைக்கொண்டவர்கள் யார் என்று தேடும்போதுதான், அமெரிக்கத் தேசத்துப் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊருக்கு நாம் போகவேண்டியிருக்கிறது.

அவ்வூரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்ற சாதாரண ஊழியர் ஒருவர் இருந்தார். தம் மருமக்களான இரண்டு சிறுவர்களுடன் 1938ஆம் ஆண்டு வீட்டுத் தோட்டத்தில் பந்து பிடித்து விளையாடுகையில், செடியொன்றில் கால் இடறிக் கணுக்காலில் அடிபட்டு உட்கார்ந்தவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. பேஸ்பால் என்பது அந்நாட்டில் நமக்குக் கிரிக்கெட்டைப் போன்றது. ஆனால் சிறுவர்கள் அதைப் பெரியவர்களின் மைதானத்தில், பெரியவர்களின் கனமான மட்டையைக் கொண்டு, பெரியவர்கள் ஒழித்துவிட்ட வேளையில்தான் ஆடவேண்டியிருந்தது. சிறுவர்களின் காலுக்கும் கைக்கும் பொருத்தமான அளவில் ஒரு மைதானம் அமைத்து, அவர்களுக்குச் சீருடையும் அம்பயரும் கொடுத்தால் என்ன என்று ஸ்டாட்ஸ் நினைத்தார். பெரியவர்களுக்கு நிலைக்கு நிலை 90 அடி தூரம். இவர் ஊர்ப் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்து அதை 60 அடியாகக் குறைத்தார். அணிக்கு 30 டாலர் கொடுத்து உதவும்படி கடை கடையாக ஏறி இறங்கினார். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் கையை விரித்தபின், பால் பண்ணைக்காரர் ஒருவர் முதலில் இசைந்தார். பின்னர் மரக்கடைக்காரரும், தின்பண்டம் செய்கிறவரும் இசைந்தார்கள். 1939ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் தேதி முதல் ஆட்டம் நடந்தது. மூன்றே அணிகளுடன் பிறந்த அந்த லிட்டில் லீக் இன்று 80க்கு மேற்பட்ட நாடுகளில் பரவியிருக்கிறது.

அது பரவிய விதத்தைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் வசிக்கும் குடும்பங்களே தம்முள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து அந்த வட்டார லீக்கை நடத்துகின்றன. ஒரு தந்தை அணிக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒருவர் அம்பயராக நிற்கிறார். ஒருவர் சுண்ணாம்புக் கோடு போடுகிறார். ஒரு தாய் கணக்கெழுதுகிறாள். வேறு சிலர் மைதானத்து ஓரத்தில் தின்பண்டக் கடை வைத்து, அதில் வரும் காசைப் பந்துக்கும் விளக்குக்கும் செலவிடுகிறார்கள். அணியில் பெயர் எழுதப்பட்ட எந்தப் பிள்ளையும் வெறுமனே உட்கார்ந்து வீடு திரும்பக் கூடாது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு தடவையாவது மட்டை பிடிக்கவேண்டும், எதிரணியார் குறைந்தது ஆறுபேர் ஆட்டமிழக்கும்வரை களத்தில் நிற்கவேண்டும் என்பது அங்கே கட்டாய விதி. 2007 முதல் பந்தெறியும் சிறுவனின் தோள் பழுதுபடாதபடி அவன் ஒரு நாளில் இத்தனை பந்துகள்தாம் எறியலாம் என்று வயதுக்கேற்ப வரையறுத்திருக்கிறார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு அது 85. குழந்தைகளோடு பழகும் தொண்டர் ஒவ்வொருவரின் பூர்வோத்தரத்தையும் ஆண்டுதோறும் விசாரித்தறியும் விதியும் உண்டு. பிள்ளையை மைதானத்தில் விட்டுச் செல்லும் தாயின் மனக்கவலைகள் இன்னின்னவை என்று எண்ணிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி எழுதியவர்கள் அவர்கள்.

இந்த அமைப்பு தவறே செய்யாதது என்று சொல்லிவிட முடியாது. 1955இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக் கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவர்கள் போட்டியில் பெயர் கொடுத்தபோது, அவர்களோடு ஆடமாட்டோம் என்று வெள்ளையர் அணிகள் யாவும் விலகிக்கொண்டன. எதிர்த்து ஆட எவரும் வராததால் ஒரு பந்தும் ஆடாமலே வென்ற அந்த அணியை, ஆடி வெல்லவில்லை என்ற அதே காரணத்தைச் சொல்லி மேற்சுற்றுகளிலிருந்து விலக்கிவிட்டார்கள். இறுதிப் போட்டிக்கு விருந்தாளிகளாக அழைத்துப் பார்வையாளர் வரிசையில் உட்காரவைத்தார்கள். பிள்ளைகளுக்குச் செய்யும் தொண்டிலும் பெரியோரின் துவேஷம் புகுந்துவிடக்கூடும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சியம் வேண்டியதில்லை. பெண்குழந்தைகளுக்கும் 1974 வரையில் கதவு அடைத்தே இருந்தது. நியூஜெர்சி மாநிலத்துச் சிறுமி ஒருத்தியின் பொருட்டு எழுந்த வழக்கின் பின்னரே அது திறந்தது. அவ்வாண்டிலேயே சிறுமியருக்கென்று சாப்ட்பால் பிரிவும் தொடங்கப்பெற்றது. பந்து சற்றுப் பெரிது, மைதானம் சற்றுச் சிறிது, பந்தைக் கீழ்க்கையால் வீசவேண்டும் என்ற வேறுபாடுகளைத் தவிர, 1887இல் சிகாகோ நகரத்தில் பிறந்த சாப்ட்பால் பேஸ்பாலின் உடன்பிறப்பேயாகும்.

பேஸ்பாலும் சாப்ட்பாலும் நம் தேசத்துக்கு வராமல் இல்லை. சாப்ட்பாலுக்கான சங்கம் 1961இல் ராஜஸ்தானத்து ஜோத்பூரில் தோன்றியது. பேஸ்பாலுக்கான அகில இந்தியச் சம்மேளனம் 1983இல் அமைந்தது. முதல் தேசியப் போட்டி 1985இல் தில்லியிலேயே நடந்தது. 2008இல் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிகிறவர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் பந்தெறிதல் போட்டியொன்றில் தேறி, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்முறை அணியில் ஒப்பந்தம் பெற்றபோது, நாடு சற்று நேரம் அந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. 2019இல் அமெரிக்காவின் தலைமைப் பேஸ்பால் அமைப்பு புது தில்லியில் அலுவலகம் திறந்து, பள்ளிக்கூடங்களில் அந்த ஆட்டத்தைப் பழக்கத் தொடங்கியது. ஆனால் இங்கே வந்தவை மட்டையும் கையுறையும் விதிப்புத்தகமும். வில்லியம்ஸ்போர்ட்டின் அடுத்த வீட்டுத் தந்தை அவற்றோடு வரவில்லை. சம்மேளனம் போட்டி நடத்தும், பள்ளி அணி அனுப்பும், பெற்றோர் பார்வையாளராக இருப்பார்கள். ஆகையால் லிட்டில் லீக்கின் நெருங்கிய உறவினரைத் தில்லியில் தேடுகிறவன் பேஸ்பால் மைதானத்தை விட்டுக் கிரிக்கெட் வலைக்கு அருகே போகவேண்டியவனாகிறான். அங்கேதான் சானெட் கிளப் இருக்கிறது.

ஆங்கிலக் கவிதையில் பதினான்கு அடிகளாலான ஒரு பாவகைக்குச் சானெட் என்று பெயர். அப்பெயர் தாங்கிய கிரிக்கெட் கிளப்பை 1969ஆம் ஆண்டில் தாரக் சின்ஹா என்ற இளைஞர் தில்லியில் தொடங்கினார். பெரிய கிளப்புகளின் வாயிலைத் தாண்டும் செல்வாக்கும் செல்வமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளே அவர் கண்ணில் பட்டவர்கள். பிள்ளைக்குத் திறமை உண்டா, சிரத்தை உண்டா என்று பார்த்தாரேயன்றி, அவன் தந்தைக்குப் பணம் உண்டா என்று அவர் பார்த்ததில்லை என்பது அவரிடம் பயின்றவர்கள் ஒருமுகமாகச் சொல்லும் செய்தி. சீடர்கள் அவரை உஸ்தாத்ஜி என்று அழைத்தார்கள். சங்கீத வித்துவானையும் மல்யுத்த ஆசானையும் வட நாட்டார் அழைக்கும் அந்தச் சொல்லில், குருகுலவாசத்தின் வாசனை இருக்கிறது. விவாகம் செய்துகொள்ளாமல், தம் வாழ்நாளின் காலையும் மாலையும் அந்த வலைகளுக்கே அவர் கொடுத்துவிட்டார்.

பிற்காலத்தில் சானெட்டின் வலைகள் நின்ற இடம் தென்னாட்டார்க்கு உவப்பான இடம். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1961இல் தில்லியில் நிறுவிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரியின் மைதானத்தில்தான் பல ஆண்டுகள் அவருடைய பிள்ளைகள் பயின்றார்கள். உண்டியலில் விழுந்த பக்தர்களின் காணிக்கை கல்லூரியாயிற்று; கல்லூரியின் மண் பஞ்சாபிப் பிள்ளைக்கும் பிகாரிப் பிள்ளைக்கும் மலைநாட்டுப் பிள்ளைக்கும் ஆடுகளமாயிற்று. 1979ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் ஆடியவரும், 1984இல் ஷார்ஜாவில் நடந்த முதலாவது ஆசியக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரருமான சுரீந்தர் கன்னா சானெட்டின் மூத்த புதல்வர்களுள் ஒருவர். மனோஜ் பிரபாகர், அஜய் சர்மா, அதுல் வாசன், சஞ்சீவ் சர்மா, 1998இல் டாக்காவில் பந்தடிபட்டு அகாலமரணம் அடைந்த ராமன் லாம்பா, தில்லிக்காகப் பல்லாண்டு ஆடிய கே.பி. பாஸ்கர் ஆகியோர் ஒரு தலைமுறை. ஆகாஷ் சோப்ரா, ஆசிஷ் நெஹ்ரா, 2013இல் மொகாலியில் தம் முதல் டெஸ்டிலேயே 187 ஓட்டங்கள் எடுத்த ஷிகர் தவன் ஆகியோர் அடுத்த தலைமுறை. 2021ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பிரிஸ்பேன் நகரத்தில் 89 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று ஆஸ்திரேலியரை வென்று தந்த ரிஷப் பந்த் அதற்கும் அடுத்தவர்.

பெண்களுக்கும் அங்கே இடம் இருந்தது. அஞ்சும் சோப்ராவும் ருமேலி தரும் அவ்வலைகளில் பயின்றவர்கள். 2001-02இல் இந்தியப் பெண்கள் அணிக்குத் தாரக் சின்ஹாவே பயிற்சியாளராக இருந்தார். மிதாலி ராஜும் ஜூலன் கோஸ்வாமியும் அப்போது இளம் பெண்களாக அவ்வணியில் இருந்தார்கள். மகளை மட்டையுடன் வெளியே அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் நிறைந்த ஊரில், மகனுக்குக் கிடைத்த அதே கண்டிப்பும் அதே பரிவும் மகளுக்கும் கிடைக்கும் ஒரு மைதானம் இருந்ததென்பது, கோப்பைகளைக் காட்டிலும் பெரிய விஷயமாகும்.

குடும்பங்களுக்கு இந்தக் கிளப் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். தில்லியில் கிரிக்கெட் பருவமும் பொதுத்தேர்வுக் காலமும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று ஏறி வருவன; பனிக்காலம் முடிந்து வெயில் இதமாகி மைதானம் காய்ந்து ஆட்டத்துக்கு அழைக்கும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில்தான் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதும் பிள்ளைகள் அறைக்குள் அடைந்து கிடக்கவேண்டும். அந்நாட்களில் தேர்வைத் தட்டிக்கழித்துவிட்டு எவனாவது வலைக்கு வந்து நின்றால் உஸ்தாத்ஜி அவனைச் சேர்க்கமாட்டார். தேர்வை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார். கிரிக்கெட் கைகொடுக்கும் பிள்ளை நூற்றில் ஒருவன். மீதிப் பேர்களின் தாய் தந்தையர்க்கு அவர் காட்டிய விசுவாசம் இது.

இரண்டாவது செய்தி ரிஷப் பந்தைப் பற்றியது. இமயமலை அடிவாரத்து ரூர்க்கியில் வாழ்ந்த அந்தக் குடும்பத்துக்குத் தில்லியில் வீடு இல்லை. தாயும் மகனும் இரவுப் பேருந்தில் ஏறி விடியுமுன் தில்லியில் இறங்குவார்கள். தங்க இடமின்றி மோதி பாக் குருத்வாராவில் தங்குவார்கள். குரு கோவிந்த சிங்கர் 1707இல் பாளையமிறங்கிய தலம் அது; கல்லூரி மைதானத்திலிருந்து அதிக தூரமில்லை. மகன் வலையில் மட்டை பிடித்துக்கொண்டிருக்கையில் தாய் குருத்வாராவில் சேவை செய்துகொண்டிருப்பாள். சீக்கியர் சேவா என்பதும் நாம் கைங்கரியம் என்பதும் ஒன்றேயல்லவா? முகம் அறியாத யாத்ரிகர்களுக்கு அந்தத் தாய் செய்த பணியும், தம்மோடு இரத்தபந்தமில்லாத அவள் மகனுக்குத் தாரக் சின்ஹாவும் அவருடைய உதவிப் பயிற்சியாளர் தேவேந்தர் சர்மாவும் செய்த பணியும், ஒரு மைல் இரண்டு மைல் இடைவெளியில், ஒரே காலைப்பொழுதில் நடந்துகொண்டிருந்தன. பிள்ளை தங்குவதற்கு ஓர் இடமும், தேர்வெழுதுவதற்குத் தில்லிப் பள்ளி ஒன்றும் பின்னர் ஆசிரியராலேயே ஏற்பாடாயின. பந்து அடிக்கக் கற்பிப்பதோடு பயிற்சியாளரின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை இதைவிட எப்படி விளக்க முடியும்?

2018இல் இந்திய சர்க்கார் தாரக் சின்ஹாவுக்குத் துரோணாச்சாரியார் விருதை அளித்தது. கிளப் தொடங்கி அதற்குள் நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 2021ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி அவர் காலமானார். அதே ஆண்டில்தான், பல்லாண்டு பயின்ற மைதானத்தைக் கிளப் விட்டுச் செல்ல நேருமோ என்ற கவலை எழுந்து, ரிஷப் பந்தே பகிரங்கமாகத் தம் வருத்தத்தை வெளியிட்டார். சொந்த நிலம் இல்லாத, ஒரு மனிதரின் மூச்சையே மூலதனமாகக் கொண்ட ஸ்தாபனத்துக்கு இத்தகைய கவலை ஏதோ ஒருநாள் வந்தே தீரும்.

இந்த இடத்தில் வில்லியம்ஸ்போர்ட்டின் கதையின் மறுபாதியையும் சொல்லவேண்டும். லிட்டில் லீக் நாடெங்கும் பரவியபோது பெரிய வணிக நிறுவனம் ஒன்றின் ஆதரவு அதற்குக் கிடைத்தது, நிர்வாகமும் பெரிதாயிற்று. போகும் பாதை பிடிக்காமல் ஸ்டாட்ஸ் 1955இல் நியாயஸ்தலம் வரைக்கும் சென்று, மறு ஆண்டில் தாம் பெற்று வளர்த்த ஸ்தாபனத்தை விட்டே விலகினார். ஒரு மனிதரின் மனம் அதில் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஆனால் அவர் விலகிய மறுநாளும் நூற்றுக்கணக்கான ஊர்களில் யாரோ ஒரு தந்தை சுண்ணாம்புக் கோடு போட்டார், யாரோ ஒரு தாய் கணக்கெழுதினாள், பிள்ளைகள் ஆடினார்கள். ஸ்தாபகர் போயும் ஸ்தாபனம் நின்றதற்குக் காரணம், அதன் பாரம் முன்பே ஆயிரம் கைகளுக்கு மாறிவிட்டிருந்தது என்பதே.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒவ்வொன்றின் குறையும் நிறையும் புலனாகின்றன. சானெட்டின் நிறை, குருவின் பார்வை. பிள்ளையின் பசியையும் படிப்பையும் மட்டையையும் ஒருங்கே காணும் அந்தப் பார்வையை விதிப்புத்தகத்தால் தரமுடியாது. அதன் குறை, அந்தப் பார்வை ஒருவருக்கே உரியதாக இருந்தது. மேலும் திறமைமிக்க பிள்ளை அங்கே ஒளி பெற்றான், சுமாரான பிள்ளைக்கு ஒரு தடவையாவது மட்டை பிடிக்கக் கொடுக்கவேண்டும் என்ற விதி நம் கிளப்புகளில் எங்கும் இல்லை. நூறு பிள்ளைகள் வலைக்கு வந்து, பதினொருவர் ஆடி, எண்பத்தொன்பதுபேர் வெயிலில் நின்று திரும்பும் காட்சியை நாம் இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். பிற்காலத்தில் தில்லியெங்கும் மாதக் கட்டணம் வாங்கும் அகாடமிகள் பெருகியபோது, பணம் கட்டிவிட்டோம், இனி அவர்கள் பாடு என்று பெற்றோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். கட்டணம் வாங்குவது குற்றமன்று. பயிற்சியாளருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் கட்டணம் கட்டியதனால் தம் கடமை தீர்ந்தது என்று பெற்றோர் எண்ணுவதுதான் நஷ்டம்.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பது நம்மவர் சொல். தேரை ஒருவரே இழுத்துவிட முடியாது என்ற பொருளில் மட்டும் அது சொல்லப்படவில்லை. வடத்தில் கை வைக்காதவனுக்கு அந்த உற்சவம் சொந்தமாவதில்லை என்ற பொருளும் அதில் உண்டு. 1923இல் பள்ளிக்கூடத்துக்காக வடம் பிடித்த குமாஸ்தாக்களின் பேரப்பிள்ளைகளும், 1947இல் வெறுங்கையோடு வந்து காலனிகளை உண்டாக்கிய குடும்பங்களின் வாரிசுகளும் வாழும் ஊர் தில்லி. காலனிக்கொரு பூங்கா இன்னும் இருக்கிறது. ஒரு தந்தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கொடுத்தால், ஒரு தாய் வாரத்தில் ஒரு மாலையைக் கொடுத்தால், பேஸ்பாலாயினும் சாப்ட்பாலாயினும் கிரிக்கெட்டாயினும், அந்தப் பூங்காவில் வருஷம் முழுதும் நடக்கும் ஒரு லீக்குக்கு அதுவே போதிய மூலதனம். அவ்வாறு நேர்ந்தால் தாரக் சின்ஹாவைப் போன்ற ஒருவர் அபூர்வமாக வந்து பிறக்கும்போது, அவர் வலைகட்டவும் வாடகைக்கு அலையவும் தம் ஆயுளைச் செலவிட வேண்டியிராது; பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எந்த உள்ளூர் ஆட்டத்திலும் மரத்தடியில் ஒருவர் ஸ்கோர் நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் பெரும்பாலும் ஆடுகிற பிள்ளைகளில் ஒருவனின் தகப்பனார். மகன் மூன்றாவது பந்திலேயே ஆட்டமிழந்து திரும்பியிருப்பான். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. ஆயினும் கடைசி விக்கெட் விழும்வரை அவர் எழுந்திருப்பதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் கேட்டு எழுதி, அவன் ஓட்டம் எடுக்காத பந்துக்கும் தவறாமல் ஒரு புள்ளி வைக்கிறார்.